ஒட்டப்படாத குச்சி

சென்ற மாதம் நம் பங்கின் பாடற்குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், துணியில் சுற்றிய வயலின் ஒன்றை ஏந்திக்கொண்டு நம் அறைக்கு வந்தார். அசைத்தால் உள்ளே ஏதோ உருளுகிறது, ஒலியும் மங்கிவிட்டது, உருளும் அந்தத் துண்டைத் துளை வழியே குலுக்கி வெளியே எறிந்துவிடலாமா என்பது அவர் கேள்வி. தந்திகள் நான்கும் முறுக்கேறியபடியே இருந்தன. நாம் அவருக்கு மறுமொழி கூறுமுன், முதலில் தந்திகளைத் தளர்த்துமாறு பதற்றத்துடன் சொன்னோம். ஒரு சிறு குச்சிக்காக இத்தனை பதற்றம் ஏன் என்று அவர் வியந்து நின்றார். அதற்குக் காரணம், பவேரியா நாட்டில் நம் கையால் நேர்ந்த ஒரு பிழை. அதனை வாசகர்களிடம் ஒளிப்பானேன்?

ஜெர்மனியின் தென்கோடியில், ஆல்ப்ஸ் மலைகளின் அடிவாரத்தில் விரிந்து கிடப்பது மேல் பவேரியா. அவ்வட்டாரத்துப் பங்குக் குருக்கள் கோடையில் ஓய்வுக்காக வெளியூர் செல்லுங்கால், சில வாரங்களுக்கு அவர்களது பணியை ஏற்று நடத்த நம் நாட்டுக் குருக்கள் பலர் சென்று வருவது வழக்கம். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாமும் அவ்வாறு ஒரு சிற்றூரில் தங்கியிருந்தோம். அத்திங்கள் 15-ஆம் நாள் தேவ அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அன்று ஊர்ப் பெண்கள் மூலிகைகளையும் மலர்களையும் கட்டுக் கட்டாகக் கொணர்ந்து ஆசீர் பெற்றுச் செல்வர். அவ்வூர் இசைக்குழு அன்று ஆலயத்தில் வாசிக்கும். ஸிதர், ஹார்ப், கித்தார், சிறு கோல்களால் தந்திகளைத் தட்டி வாசிக்கும் ஹாக்பிரெட் ஆகியவை அக்குழுவின் கருவிகள். இவை அனைத்திற்கும் அடிநாதமாய் நிற்பது டபுள் பேஸ்.

டபுள் பேஸைப் பாராதவர்களுக்கு ஒரு சொல். வயலினைப் போன்ற தோற்றமுடையது; ஆனால் ஆறடி உயரம். தரையில் ஊன்றி, ஓர் ஆளைத் தோளோடு அணைத்தாற்போலப் பிடித்து, நின்றவாறே வாசிக்க வேண்டும். நம் சென்னைத் திரையிசைக் கூடங்களிலும் இது பல ஆண்டுகள் முழங்கியுள்ளது. பாட்டைக் கேட்பவர் இதனைத் தனியே கவனிப்பதில்லை. இது நின்றுபோனால் மட்டும், ஏதோ ஒன்று குறைகிறதே என்று தேடுவர்.

அக்குழுவில் பேஸ் வாசித்தவர், பால்பண்ணை நடத்தி ஓய்வுபெற்ற ஒரு முதியவர். வயது எழுபத்தெட்டு. கருவி அவருடைய தந்தை வாங்கியது. செய்தவர் யாரென்று அறியக்கூடவில்லை. நூறாண்டுகளுக்கு மேற்பட்டது என்பது மட்டும் உறுதி. ஓராண்டுக்கு முன் அவருக்கு வலத் தோளில் அறுவை நடந்திருந்தது. மறு அறுவை வேண்டும் என்று மருத்துவர் கூறிவிட்டனர். அதன்பின் வில்லைப் பிடிக்க இயலுமோ இயலாதோ. ஆகவே அவ்வாண்டுப் பெருவிழாவில் வாசித்தே தீர்வது என்று புதிய தந்திகளை வாங்கி வைத்திருந்தார்.

விழாவுக்கு நான்கு நாட்கள் முன்பு, ஞாயிறு மாலை, அவர் இல்லத்திற்கு விருந்தினராய்ச் சென்றோம். தந்தி மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. முறுக்காணிகளைத் திருக அவர் தோள் ஒத்துழைக்கவில்லை. "நாம் திருகுகிறோம்" என்று முன்வந்தோம். அவர் மகிழ்ந்து ஏதோ விளக்கிக் கூறிவிட்டு, காப்பி கொணர அடுக்களைக்குச் சென்றார். நம்முடைய ஜெர்மன் மொழியறிவு மறையுரைக்கு ஒருவாறு போதும். பவேரியப் பேச்சுவழக்குக்குப் போதாது. "தளர்த்துங்கள்" என்றது காதில் விழுந்தது. "ஒவ்வொன்றாக" என்றது விழவில்லை.

நான்கு தந்திகளையும் சுறுசுறுப்பாகத் தளர்த்தினோம். முதலில் குதிரை சரிந்தது. வீணைக்குரிய சொல்லையே இங்கும் வழங்குகிறோம். தந்திகளைத் தாங்கி மேற்பலகையின்மேல் இரு கால்களால் நிற்கும் மரத்துண்டு அது. அதனைக் கையால் பிடித்துக்கொண்டோம். அடுத்த கணம் கருவியின் வயிற்றுக்குள் 'டொக்' என்றோர் ஓசை. உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. அப்போதே முதியவரை அழைத்திருக்க வேண்டும். அழைத்தோமா? இல்லை. குதிரையை நிமிர்த்தி, புதிய தந்திகளை மாட்டி, விரைந்து முறுக்கத் தொடங்கினோம். தவறு செய்த சிறுவன் உடைந்த பானையைத் திருப்பி வைப்பதைப் போன்ற செயல்தான். இரண்டு தந்திகள் ஏறிவிட்ட நிலையில், கையில் காப்பியுடன் வந்த முதியவர் கோப்பையை எங்கோ வைத்துவிட்டு ஓடிவந்தார். ஒரு சொல்லும் பேசாமல் முறுக்காணிகளை இடக்கையால் தளர்த்தினார். பின்பு கருவியை மெல்லச் சாய்த்தார். உருளும் ஓசை கேட்டது. "ஷ்டிம்ஷ்டாக்" என்றார். அன்று நாம் கற்ற புதிய ஜெர்மன் சொல் அது.

'ஷ்டிம்' என்பது குரல். 'ஷ்டாக்' என்பது கோல். ஆங்கிலத்தில் சவுண்ட் போஸ்ட் என்பர். நம் வயலின் கலைஞர்களும் அப்பெயராலேயே அறிவர். வயலின் குடும்பத்துக் கருவிகள் அனைத்திலும், குதிரையின் வலக் காலுக்குச் சற்றுப் பின்னால், அதாவது மெல்லிய தந்தி உள்ள பக்கத்தில், மேற்பலகைக்கும் பின்பலகைக்கும் இடையே நிற்கும் உருண்டைக் குச்சி அது. குளிர்மலைகளில் வளரும் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தைப் பிளந்து எடுத்துச் செய்வர். வயலினில் அதன் பருமன் 6 மில்லிமீட்டர். டபுள் பேஸில் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். நீளம் ஏறத்தாழ ஒரு சாண். ஆணி இல்லை, வச்சிரம் இல்லை. இரு பலகைகளின் வளைவுக்கும் இசைய அதன் இரு முனைகளும் செதுக்கப்பட்டிருப்பதாலும், பலகைகள் அதனை இதமாக நெருக்குவதாலும் மட்டுமே நிற்கிறது. தந்திகள் ஏறியிருக்கையில் அந்நெருக்கம் மிகும். எல்லாத் தந்திகளும் ஒருசேரத் தளர்ந்தால், மேற்பலகை சற்று எழும்பும், குச்சி விழும்.

இத்துணைச் சிறிய பொருளுக்கு இத்தாலியர் வைத்த பெயர் 'அனிமா'. பிரெஞ்சுக்காரர் 'ஆம்' என்பர். ஸ்பானியர் 'அல்மா' என்பர். எல்லாவற்றிற்கும் பொருள் ஆன்மா என்பதே. ருஷ்யர் இன்னும் செல்லமாகச் சிற்றான்மா என்னும் பொருளில் 'துஷ்கா' என்கின்றனர். அனிமா என்னும் இலத்தீன் சொல்லைக் குருமடத்துத் தத்துவ வகுப்பில் மனனம் செய்த காலத்தில், அதற்கு நீளமில்லை, அகலமில்லை, எடையில்லை என்று எழுதி மதிப்பெண் பெற்றோம். நம் பேராசிரியர் இசைக்கருவி செய்வோரிடம் பேசிப் பார்த்ததில்லை போலும்.

அக்குச்சி செய்யும் வேலை என்ன? தந்தியை வில்லால் இழுக்கும்போது அது பக்கவாட்டில் அதிர்கிறது. அதனால் குதிரை தன் இரு கால்களையும் மாறி மாறி ஊன்றி ஆடுகிறது. ஒரு கால் பலகையை அமுக்குகையில் மற்றது மேலெழும். ஒருபுறம் காற்று தள்ளப்படும், மறுபுறம் இழுக்கப்படும். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. அவ்வொலியின் அலைநீளமோ 8 மீட்டருக்கு மேல். அத்துணை நீண்ட அலையின் முன்னே, ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் நிற்கும் இரு கால்களும் எதிரெதிராய்ச் செய்யும் வேலை ஒன்றையொன்று அழித்துவிடும். எவ்வளவு வலிந்து இழுத்தாலும் கூடத்தின் மறுகோடியை எட்டுவது மிகச் சிறிதே. குச்சி வந்து வலக் காலின் அருகே ஊன்றி நின்றதும் நிலைமை மாறிவிடுகிறது. வலக் கால் பெரிதும் அசையாமல் நிற்க, இடக் கால் முழு வீச்சில் மேலும் கீழும் ஆடுகிறது. கிணற்று ஏற்றத்தில் கால்மரம் ஊன்றி நின்றால்தான் துலா ஏறி இறங்கும். அதுவும் ஆடினால் ஒரு சால் நீரும் வராது. இடக் காலின் கீழ், மேற்பலகையின் உட்புறத்தில் நெடுக ஒட்டப்பட்டுள்ள ஒரு சட்டம் அவ்வாட்டத்தைப் பலகை முழுவதற்கும் பரப்புகிறது. பெட்டி முழுவதும் காற்றைத் தள்ளி இழுக்கிறது. அதுவே நாம் கேட்கும் முழக்கம்.

குச்சி அதிர்வைப் பின்பலகைக்குக் கொண்டுசெல்கிறது என்பது பழைய விளக்கம். அதுவும் பொய்யன்று, ஆயினும் தாழ்ந்த ஒலிகளில் அதன் முதன்மையான பணி, ஒரு காலை நிலைநிறுத்துவதே. அறிஞர் பலரை இக்குச்சி ஆட்டிவைத்திருக்கிறது. பிரான்சு நாட்டில் மருத்துவம் பயின்று பின் ஒலியியல் வல்லுநரான ஃபெலிக்ஸ் சவார் இதனை ஆராய்ந்தார். வானத்து நெபுலாக்களுள் சில வாயுத் திரள்களே என்று 1864-இல் நிறமாலைக் கருவியால் கண்டறிந்த இங்கிலாந்து வானியலார் வில்லியம் ஹகின்ஸ், 1883-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் சமர்ப்பித்த ஒரு கட்டுரை, விண்மீன்களைப் பற்றியதன்று. வயலினுக்குள் நிற்கும் இக்குச்சியின் பணியைப் பற்றியது. வேல்ஸ் நாட்டில் குரூத் என்றொரு பழங்கருவி உண்டு. அதில் குதிரையின் ஒரு காலே நீண்டு, மேற்பலகைத் துளையின் வழியே உட்புகுந்து, பின்பலகையில் ஊன்றி நிற்கும். அங்கே காலும் குச்சியும் ஒன்றே.

இவையெல்லாம் நாம் பின்னர்ப் படித்து அறிந்தவை. அன்று ஞாயிறு மாலையில் அறிந்தது ஒன்றுதான்: நான்கு தந்திகளும் சேர்ந்து 100 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்கு நிகரான விசையுடன் இழுக்கின்றன, அதில் ஒரு பகுதி குதிரையின் வழியே மேற்பலகையை இடையறாது அமுக்குகிறது, உள்ளே குச்சி இல்லாத நிலையில் முறுக்கினால், பலகை அமுங்கிப் பிளந்துபோகலாம். நாம் இரண்டு தந்திகளை முறுக்கியிருந்தோம்.

மறுநாள் திங்கட்கிழமை, முதியவரின் மருமகன் ஓட்டிய வண்டியில் கருவியை ஏற்றிக்கொண்டு மிட்டன்வால்டு சென்றோம். கார்வெண்டல் மலைத்தொடரின் அடியில், ஈசார் ஆற்றங்கரையில் உள்ள ஊர் அது. மத்தியாஸ் குளோட்ஸ் (1653–1743) என்பார் அங்கே வயலின் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1858 முதல் அத்தொழிலுக்கென்றே ஒரு பள்ளி இயங்கிவருகிறது. சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய பங்கு ஆலயத்தின் அருகே, மடியில் வயலினை வைத்துச் செய்துகொண்டிருக்கும் கோலத்தில் குளோட்ஸின் சிலை நிற்கிறது. தச்சருக்குச் சிலை எடுத்த ஊர்கள் உலகில் எத்தனை இருக்கும்?

நாம் சென்ற பட்டறை ஒரு சந்தில் இருந்தது. உரிமையாளர் ஐம்பது வயதினர், பேச்சுக் குறைந்தவர். கனத்த கம்பளி விரித்த மேசையில் கருவியை மல்லாக்கக் கிடத்தினார். குச்சியைத் தேடி எடுப்பதற்கு முன் விரல் முட்டியால் பின்பலகையை இடம் இடமாகத் தட்டிக் கேட்டார். நம் ஊரில் பலாப்பழம் வாங்குவோர் தட்டுவதைப்போலத்தான். ஓரிடத்தில் நிறுத்தி மீண்டும் தட்டினார். அங்கே மட்டும் ஒரு நறநறப்பு. முதியவரும் அதைக் கேட்டார்; அவர் முகம் மாறியது.

பிறகு கருவியின் அடியில் உள்ள ஊன்றுகம்பியைக் கழற்றினார். எஃப் வடிவத் துளையின் வழியே ஒரு சிறு விளக்கை உள்ளே இறக்கி, கம்பி இருந்த துளையில் கண்ணை வைத்துப் பார்த்தார். பல் மருத்துவர் கையாளுவதைப் போன்ற, ஆனால் காம்பு நீண்ட கண்ணாடியால் மேற்பலகையின் உட்புறத்தை ஆராய்ந்தார். நம்மையும் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். அந்தக் காட்சியை எங்ஙனம் சொல்வோம்? இருபுறமும் வளைந்த சுவர்கள், மேலே கூரை, துளைகளின் வழியே சாய்ந்து விழும் ஒளி. ஆளரவம் இல்லாத ஒரு சிற்றாலயத்தின் வாயிலில் நின்றாற்போல் இருந்தது. தரையில் தூசியின் நடுவே கிடந்தது நாம் வீழ்த்திய குச்சி.

அதனை வெளியே எடுத்துக் காட்டினார். மேல்முனையின் ஓர் ஓரம் மட்டும் பளபளத்தது. மற்றப் பகுதியில் பழைய உளித்தடம் அப்படியே இருந்தது. அதாவது முனை முழுவதும் பலகையில் படிந்திருக்கவில்லை. ஓர் ஓரத்தில் மட்டுமே ஊன்றிப் பல்லாண்டுகள் நின்றிருக்கிறது. அவ்வோரம் மேற்பலகையின் உட்புறத்தை அரைவட்டமாகக் குழித்திருந்தது. "தாள் புக இடமிருந்தாலும் தவறு" என்றார். முனைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு தாள் நறுக்கை நுழைத்துப் பார்ப்பது இவர்கள் வழக்கம்; எப்புறமும் அது நுழையக் கூடாது. யாரோ ஒருவர், ஒலி பெருகட்டும் என்று, நீளம் மிகுந்த குச்சியை அடித்து இறுக்கியிருக்கிறார். சில நாட்கள் கணீரென்று ஒலித்திருக்கும்.

அந்த நறநறப்புக்குக் காரணம் வேறு. அக்கருவியின் பின்பலகை வயலினைப்போல் வளைந்ததன்று, தட்டையானது. ஆதலால் அதன் உட்புறத்தில் குறுக்கே ஓர் அகன்ற சட்டம் ஒட்டி, அதன்மேல் குச்சியை நிறுத்துவர். மரம் ஈரத்தால் அகலவாட்டில் விரியும், உலர்ச்சியால் சுருங்கும். நாரின் போக்கில், அதாவது நீளவாட்டில், அசைவு மிகக் குறைவு. பின்பலகையின் நார் நெடுக ஓடுகிறது. சட்டத்தின் நார் குறுக்கே ஓடுகிறது. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும்போது காற்று வறண்டு பலகை சுருங்க முயலும், சட்டம் விடாது. ஆண்டுதோறும் நடந்த இவ்விழுபறியில் சட்டத்தின் ஒரு கோடி பலகையை விட்டு எழும்பியிருந்தது.

மேற்பலகையும் இவ்வாறே பருவத்துக்குப் பருவம் அசைகிறது: ஈரக் காலத்தில் அதன் வளைவு எழும்பும், வறண்ட காலத்தில் தாழும். நாரின் போக்கில் நிற்கும் குச்சியின் நீளமோ ஏறக்குறைய மாறுவதில்லை. மழைக் காலத்தில் இதமாக நின்ற குச்சி, கடும் வறட்சியில் பலகையைக் குத்தும். வறட்சியில் அளவெடுத்து வைத்தது, ஈரத்தில் தளரும். எனவேதான் பருவம் மாறுந்தோறும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நாம் வாளாவிருக்காமல் ஒரு கேள்வி கேட்டோம். இத்தனை தொல்லை எதற்கு, இரு முனைகளிலும் ஒரு சொட்டு வச்சிரம் இட்டால் போயிற்றே என்றோம். அவர் சிரிக்கவில்லை. மேசையில் இருந்த இரண்டு மெல்லிய பலகைத் துண்டுகளை எடுத்து, நடுவில் நம் குச்சியை வைத்து இரு கைகளாலும் பிடித்துக் காட்டினார். மேற்கையைச் சற்று வளைத்தபோது குச்சி நுனியளவு நகர்ந்து மீண்டும் பொருந்திக்கொண்டது. "ஒட்டினால் நகராது; பலகை அசைய வேண்டியிருக்கும்போது நாரையே பிய்த்துக்கொண்டு வரும்" என்றார். மேலும், அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் ஒலி வேறாகிறது. குதிரையை நெருங்கினால் ஒருவகை, விலகினால் மற்றொருவகை. வாசிப்பவர் காதுக்கும் கைக்கும் ஏற்ற இடத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். ஒட்டிவிட்டால் தேட்டம் முடிந்துபோகும். காஸ்பரோ தா சாலோ (1540–1609) காலத்துக் கருவிகள் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றுள் நிற்கும் குச்சிகள் எத்தனையோ முறை மாற்றப்பட்டவை.

பட்டறையாளரின் முடிவு இது: மேற்பலகையைத் திறக்க வேண்டும், சட்டத்தை எடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும், குழிந்த இடத்தைச் சிறிது தோண்டி ஸ்புரூஸ் பலகையால் ஒட்டுப்போட வேண்டும், பிறகே புதிய குச்சி. குளிர்காலம் முடியும்வரை ஆகும்.

முதியவர் தம் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை ஒரு நாள், அதுவும் ஒரு மணி நேரம் வாசிக்கும்படி தற்காலிகமாக ஒரு குச்சியை நிறுத்தித் தர இயலாதா என்று கேட்டார். தம் தோளைப் பற்றியோ அறுவையைப் பற்றியோ சொல்லவில்லை. பட்டறையாளர் சிறிது நேரம் சிந்தித்தார். "நிறுத்தலாம், அரை மணியில் முடியும்" என்றார். "ஆனால் எழும்பிய சட்டத்தின்மேல் அத்தனை பாரமும் இறங்கும். தாங்கவும் கூடும். தாங்காவிட்டால் பின்பலகை கிழியும். கருவி உங்களுடையது." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லாமல் ஊன்றுகம்பியைத் துடைக்கத் தொடங்கினார்.

நமக்கு அங்கிருந்து ஓடிவிடலாம் போலிருந்தது. முதியவர் கருவியின் கழுத்தைத் தடவியவாறு நெடுநேரம் நின்றார். பிறகு, "இருக்கட்டும், திறந்து பாருங்கள்" என்றார்.

திரும்பும் வழியில் நாம் மன்னிப்புக் கேட்டோம். பட்டறையாளர் தம்மிடம் தனியே கூறியதை அவர் சொன்னார்: சட்டம் என்றோ எழும்பிவிட்டது, அன்று குச்சி விழாதிருந்தால், பெருவிழா அன்று முழு முறுக்கில் வாசிக்கையில் பலகை கிழிந்திருக்கவும் கூடும். நமக்கு மூச்சு வந்தது. "ஆனால், ஹேர் ஃபாரர், நீங்கள் மறுபடி முறுக்கியிருக்கக் கூடாது" என்றும் சேர்த்துக்கொண்டார். 'ஹேர் ஃபாரர்' என்பது அங்கே பங்குக் குருவை விளிக்கும் முறை. அவர் சொன்னது முற்றிலும் சரி. விழுந்தது பிழையன்று, விழுந்ததை மறைக்க முறுக்கியதுதான் பிழை.

பெருவிழாவன்று குழு பேஸ் இன்றி வாசித்தது. மூலிகை மணம் ஆலயத்தை நிறைத்தது. முதியவர் முதல் வரிசையில் அமர்ந்திருந்தார். இசை தொடங்கியபோது அவரது இடக்கை தானே எழுந்து, தோளருகே இல்லாத கழுத்தின்மேல் இல்லாத தந்திகளை அழுத்திக்கொண்டிருந்தது. பீடத்திலிருந்து அதனைப் பார்த்த நாம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம்.

வீடு திரும்பிய பின் அவ்வப்போது படங்கள் வந்தன. இக்கருவிகளின் மேற்பலகையை மெலிந்த வச்சிரத்தால்தான் ஒட்டுவர். தேவை நேர்ந்தால் மரம் பிளவாமல் ஒட்டு மட்டும் விடும்படியான முன்னேற்பாடு அது. மழுங்கிய கத்தியால் ஓரத்தைச் சுற்றி மெல்ல நெகிழ்த்தி, பெட்டியைத் திறந்திருந்தார்கள். குழியில் ஒட்டுப்பலகை பொருந்த, சாக்கட்டித் தூள் தடவி, வைத்து, எடுத்து, தூள் படிந்த மேடுகளை மட்டும் சீவி, மீண்டும் வைத்து, இப்படி எண்ணற்ற முறை. அதுபற்றிப் பட்டறையாளர் எழுதியனுப்பியது ஒரே வரி: "பொருந்திவிட்டது."

2020 பிப்ரவரியில் கருவி வீடு சேர்ந்தது. அடுத்த மாதம் கொரோனா நோயால் ஊர் அடங்கியது. ஆலயங்களும் குழுக்களும் மௌனமாயின. முதியவரின் மறு அறுவை அதற்கு முன்பே முடிந்திருந்தது. வில்லை அவர் பிடித்தாரா என்று நாம் கேட்டெழுதவில்லை, கேட்க அஞ்சினோம். அவருடைய துணைவியாரே எழுதினார்: ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் தோள் விடாது, ஆனால் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாசிக்கிறார், எதிர்வீட்டார் வெளியே நாற்காலி போட்டுக் கேட்கின்றனர். 2021 இலையுதிர் காலத்தில் அவர் இறந்த செய்தி வந்தது.

நம் பங்கின் இளைஞருக்கு இத்தனையும் சொல்லவில்லை, நேரமில்லை. பாலுசாமி தீட்சிதர் கையேற்றுப் பழகிய நாள் தொட்டு, இரு நூற்றாண்டுகளாக நம் நாட்டில் வயலினைப் பிடிக்கும் முறையும் சுருதி கூட்டும் முறையும் மாறின. உள்ளே நிற்கும் குச்சி மட்டும் அங்குள்ளதே. ஆகையால் அங்கே கற்றது இங்கும் செல்லும். குச்சி விழுந்தால் உடனே தந்திகளைத் தளர்த்துக. கம்பியால் நீயே நிறுத்த முயன்று துளையின் ஓரத்தைச் சிதைக்காதே. விழுந்த குச்சியை எறியாமல், அறிந்தவரிடம் கருவியோடு சேர்த்துக் கொடு. தந்தி மாற்றும்போது ஒன்றை ஏற்றிய பின்பே அடுத்ததைக் கழற்று. பாடற்குழுக்கள் கருவிகளை வெயில் அடிக்கும் சன்னலோரத்திலும், மழைக்காலத்தில் ஒழுகும் மாடத்திலும் வைப்பதைக் கண்டு நாம் பலமுறை சினந்ததுண்டு. இனி நம் சினத்துக்குக் காரணமும் தெரியும். வயலினை அவர் நகரத்துக்கு எடுத்துச் சென்றார். அரை மணி நேர வேலைதானாம்.

2022 ஆகஸ்டில் மீண்டும் அச்சிற்றூருக்குச் சென்றோம். பேஸ் இப்போது பேத்தியின் கையில். பத்தொன்பது வயதுப் பெண். பெருவிழாவுக்கு இரு நாட்கள் முன்பு, அதே அறையில், புதிய தந்திகளை மாற்ற அமர்ந்தாள். முதலில் ஊன்றுகம்பியைக் கழற்றி நம்மைப் பார்க்கச் சொன்னாள். உள்ளே குச்சி நேராக நின்றிருந்தது. அதனருகே பட்டறையாளர் பென்சிலால் எழுதிய 2020 என்னும் ஆண்டு. அதற்கு அப்பால், மங்கிய எழுத்தில், நாம் படிக்க இயலாத வேறொரு கையெழுத்து.

"தாத்தா உங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்" என்றாள். பிறகு முதல் தந்தியைத் தளர்த்தி, கழற்றி, புதியதை மாட்டி, முறுக்கி முடித்தாள். இரண்டாவதற்குச் செல்லுமுன், நம் கை சும்மா இருப்பதைக் கவனித்துக் கைவிளக்கை எடுத்துக் கொடுத்தாள். நான்கு தந்திகளும் மாறும்வரை, முறுக்காணிகளின்மேல் ஒளி விழும்படி அதனைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.